மண்டரின் (சீன மொழி) சொல்வதெழுதுதலில் ‘அப்பா’வும் ‘பயமும்’ மாறிவிடுவது ஏன்?

தொனியில் பிழையில்லை, மூச்சில்தான். நீங்கள் மாற்றி மாற்றி எழுதும் ‘அப்பா’, ‘பயப்படு’ இரண்டுமே நாலாம் தொனியில், அதாவது குரல் சட்டென இறங்கும் தொனியில், ‘பா’தான். முதலாவதில் மூச்சு வெளியே அடிக்காது, இரண்டாவதில் அடிக்கும்.

பெரும்பாலும் மண்டரினை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பின்யின் முறை செய்யும் வேலை இது. அப்பாவுக்கு ‘பஸ்’ஸின் ஆங்கில முதலெழுத்தைப் போட்டிருப்பதால் பஸ் மாதிரியே வாசித்துப் பழகியிருப்பீர்கள். உண்மையில் அது நம்முடைய ‘பல்’லில் வரும் ப. ஆகவே விரிவுரையாளர் சரியாகச் சொல்லும் ‘அப்பா’, ‘பஸ்’ ஒலியை எதிர்பார்க்கும் உங்கள் காதில் ‘பயம்’ ஆகிவிடுகிறது. (மூச்சுள்ள ப தமிழில் இல்லை, காதும் அதைத் தேடாது.)

வெள்ளவத்தைக்குப் போன பஸ் டிக்கெட் பையில் கிடக்கும்தானே? உதட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் பிடித்து ‘பல்’ என்று சொல்லுங்கள். டிக்கெட் அசையக்கூடாது. அதே ப-வில் ‘அப்பா’வைச் சொல்லுங்கள். பிறகு டிக்கெட் துள்ளும்படி மூச்சை விட்டு ‘பயப்படு’.

‘நாய்’, ‘வாய்’ இரண்டுக்கும் உரிய ‘கோவ்’விலும் இதே வித்தியாசம்தான், வாய்க்குத்தான் மூச்சு. ஆனால் க உள்ளே பிறப்பதால் டிக்கெட் அவ்வளவு ஆடாது, உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

ஒன்று: அப்பாவை ‘பாபா’ என்று சேர்த்துச் சொல்லும்போது தொனியில்லாத இரண்டாம் ‘பா’ வேகத்தில் ‘பஸ்’ பக்கம் சாயும். அதைக் கேட்டுப் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடாதீர்கள்.