காயிலை நாமே சுற்றும் டேங்க்: எது யாருக்குப் பொருந்தும்? கேள்வி பதில்

சிகரெட்டை விட்டு ஆவிக் கருவிக்கு மாறிய நாளிலிருந்து, பிரிட்டனில் கிடைக்கும் டேங்க்குகளில் (கருவியில் திரவத்தை வைத்து ஆவியாக்கும் மேற்பகுதி) முப்பதுக்கும் மேற்பட்டவற்றைக் கழற்றி மாட்டிப் பார்த்திருக்கிறேன். சூடேறும் கம்பிச் சுருளையும் (அதுதான் காயில்) திரவத்தை உறிஞ்சும் பஞ்சையும் நாமே பொருத்திக்கொள்ளும் ஆர்.டி.ஏ. (RTA) வகை டேங்க்குகளைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புகைப்பழக்கமே இல்லாதவர்களுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை.

கேள்வி: அண்ணா, ஆயத்தக் காயில்களை வாங்கி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கைஃபன், ஸீயஸ், ப்ரொஃபைல் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இவற்றில் எது சிறந்தது?

இந்த மூன்றும் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், நீங்கள் எப்படி இழுக்கிறீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. சிகரெட்டைப் போல முதலில் வாயில் இழுத்து நிறுத்திப் பிறகு நெஞ்சுக்குள் இறக்குபவர் எம்.டி.எல். வகையைச் சேர்ந்தவர். தண்ணீர் உறிஞ்சுவதுபோல நேராக நெஞ்சுக்கே இழுப்பவர் டி.எல். வகையைச் சேர்ந்தவர். கைஃபன் முதல் வகையினர் கொண்டாடும் டேங்க். கீக்வேப் ஸீயஸும் வோட்டோஃபோ ப்ரொஃபைலும் இரண்டாம் வகையினருக்கானவை. சிகரெட்டை அண்மையில் விட்டவர் ஸீயஸை வாங்கினால், ஒரு வாரத்தில் அதை அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி சிகரெட் கடைக்குப் போய் நிற்பார். அப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டு வகையிலும் கிடைக்கும் நிக்கோட்டின் ஒன்றுதானே? பிறகு செலவில் எப்படி வேறுபாடு வரும்?

நிக்கோட்டின் ஒன்றாக இருக்கலாம். அதைக் கொண்டுவரும் திரவத்தின் அளவு ஒன்றல்ல. எம்.டி.எல். டேங்க்கில் மில்லிலிட்டருக்கு 12 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள திரவத்தை ஒருவர் நாளொன்றுக்கு 2.5 மி.லி. செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 30 மில்லிகிராம். டி.எல். டேங்க்கில் அந்தச் செறிவு தொண்டையைக் கிழித்துவிடும் என்பதால் 3 மில்லிகிராம் திரவத்தையே ஊற்ற வேண்டும். அதே 30 மில்லிகிராமுக்கு 10 மி.லி. தேவைப்படும். திரவம் நான்கு மடங்கு. பிரிட்டனில் 2026 அக்டோபர் 1 முதல் இந்தத் திரவம் 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு தீர்வை என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், முன்னவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 55 பென்ஸும் பின்னவருக்கு 2 பவுண்டு 20 பென்ஸும் தீர்வையாக மட்டுமே போகும். டேங்க்கின் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கேள்வி: எம்.டி.எல். டேங்க்குகளுக்குள் எதை வைத்து ஒப்பிடுவது? எல்லாம் 22 அல்லது 24 மி.மீ. அகலத்தில், பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன.

காற்று வரும் வழியை முதலில் பாருங்கள். வெளிவளையத்தில் துளை சிறியதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தக் காற்று காயிலுக்கு நேர் கீழே ஒரு சிறு துளை வழியாக வந்து சேர வேண்டும். வெளியே நெருக்கி உள்ளே அகலமாக விட்டிருக்கும் டேங்க்கில் இழுப்பு இறுக்கமாக இருந்தாலும் சுவை மங்கலாகவும் சத்தம் அதிகமாகவும் இருக்கும். ட்வார்வ் போன்ற டேங்க்குகளில் காயிலின் அடியிலேயே வெவ்வேறு அளவுள்ள காற்றுக் குழல்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அவற்றின் பெருமை.

அடுத்தது காயிலின் மேலே கவிழும் அறை. அது சிறியதாகவும் கூரை தாழ்வாகவும் இருந்தால் ஆவி விரவிப் போகாமல் சுவை கூடும். மூன்றாவது, டெக் என்று சொல்லும் அடித்தட்டு. இரண்டு திருகுகள், கம்பி நழுவாமல் பிடிக்கும் பள்ளம், பஞ்சின் நுனி இறங்கும் இரண்டு வாய்கள் ஆகியவை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற டெக்கே தொடக்கக்காரருக்கு நல்லது. இன்னோகின் ஏரெஸும் வேண்டி வேப் பெர்சர்க்கரும் அந்த வகையில் சேர்வதால், முதன்முறை வாங்குகிறவர்களிடம் கைஃபனை விட்டுவிட்டு இவற்றில் ஒன்றையே வாங்கச் சொல்கிறேன். கைஃபன் அழகான வேலைப்பாடுதான். ஆனால் கை பழகுவதற்கு முன் அதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

கேள்வி: எந்தக் கம்பி, எத்தனை சுற்று?

0.32 மி.மீ. தடிமனுள்ள காந்தல் ஏ1 (Kanthal A1, இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவை) கம்பியை 2.5 மி.மீ. கம்பித்தண்டின்மீது ஆறு சுற்று சுற்றினால் கால்களையும் சேர்த்து ஏறத்தாழ 1.1 ஓம் வரும்; 12 முதல் 14 வாட்டில் எம்.டி.எல். டேங்க்கில் நன்றாக வேலை செய்யும். பத்து மீட்டர் சுருள் ஒன்று நூறு காயில்களுக்குக் காணும். வெப்பக் கட்டுப்பாட்டு முறையில் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் காந்தல் ஆகாது. சூடேறினாலும் அதன் மின்தடை ஏறக்குறைய மாறாது என்பதால் கருவியால் வெப்பத்தைக் கணிக்க முடியாது. அதற்கு எஸ்.எஸ். 316எல் என்னும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போன்றது வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் மூன்று டேங்க் மாற்றிவிட்டேன், மூன்றும் ஒழுகுகின்றன. ஒழுகாத டேங்க் என்று ஒன்று உண்டா?

மூன்று டேங்க்கும் ஒழுகினால் குறை டேங்க்கில் இல்லை, பஞ்சில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். டேங்க் எப்படித் திரவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று புரிந்தால் இது விளங்கும். மேல்மூடி இறுகியிருக்கும்போது, திரவம் கொஞ்சம் வெளியேறியதும் உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தமே மீதித் திரவத்தைத் தொங்க வைத்திருக்கிறது. நீங்கள் இழுக்கும்போது பஞ்சு வழியாகத் திரவம் ஏறி, அதே வழியாக ஒரு குமிழி உள்ளே போகிறது. பஞ்சு வாயை முழுமையாக அடைக்காமல் ஓர் ஓரத்தில் இடைவெளி விட்டால் காற்று தடையின்றி உள்ளே போய்விடும், திரவம் காற்றுத் துளை வழியாக உங்கள் சட்டைப்பைக்கு வந்துவிடும். பஞ்சை அடைத்துத் திணித்தால் எதிர்விளைவு: திரவம் ஏறாது, பஞ்சு கருகும், தொண்டையில் அந்தக் கருகல் அரைநாள் நிற்கும்.

ஆகவே காயிலுக்குள் பஞ்சு சற்றே உராய்ந்தபடி நகர வேண்டும்; வெளியே வந்த இரு முனைகளையும் டெக்கின் விளிம்பளவுக்கு வெட்டி, சீப்பால் கோதுவதுபோல் நுனிகளைச் சற்றே பிரித்து, வாயை மூடும்படி அழுத்தாமல் கிடத்த வேண்டும். திரவம் ஊற்றும்போது காற்று வளையத்தை மூடிவிட்டு ஊற்றுங்கள். இவற்றுக்குப் பிறகும் ஒழுகினால் ரப்பர் வளையத்தில் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸீயஸ் போன்ற மேற்காற்று டேங்க்குகளில் காற்றுத் துளை திரவ மட்டத்துக்கு மேலே இருப்பதால், பஞ்சில் பிழை இருந்தாலும் உடனே வெளியே வராது. அதற்கு ஒரு விலை உண்டு: காற்று நீண்ட வழி சுற்றிக் காயிலுக்கு வருகிறது, சுவையின் கூர்மை சற்றுக் குறைகிறது. டி.எல். இழுப்பவருக்கு அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது.

கேள்வி: வலைக் காயில் (கம்பிச் சுருளுக்குப் பதில் உலோக வலைத் துண்டு) போடும் டேங்க் வாங்கலாமா? என்னிடம் ஒற்றை 18650 பேட்டரி மாட் (mod, டேங்க்கை மேலே பொருத்தும் பேட்டரிக் கருவி) இருக்கிறது.

டேங்க்கோடு மாட்டையும் மாற்றுவதாக இருந்தால் வாங்கலாம். வலை 0.15 ஓம் அளவில் 60 வாட்டுக்கு மேல்தான் உயிர் பெறும். பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும் நேரத்தில் 65 வாட் கேட்டால் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. பல 18650 பேட்டரிகளின் தொடர் வரம்பே 20 ஆம்பியர்தான். இரண்டு பேட்டரி மாட்டில் அந்தச் சுமை பாதியாகும். ஒற்றைப் பேட்டரியோடு இருக்க விரும்பினால், 24 மி.மீ. ஓ.எஃப்.ஆர்.எஃப். கியர் போன்ற ஒற்றைக் காயில் டேங்க்கில் 35 வாட்டுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மின்சுற்றே இல்லாத குழாய் மாட்டில் இவற்றைப் போடலாமா?

வேண்டாம். டேங்க்கின் நடு முனை வெளியே துருத்திக்கொண்டிருக்காவிட்டால், அந்தக் குழாய்களில் சில வகைகளில் பேட்டரி நேராகக் குறுக்கிணைப்பாகிவிடும். நிரம்பிய பேட்டரியின் 4.2 வோல்ட் 0.15 ஓம் காயிலில் 28 ஆம்பியரைத் தள்ளும். தடுக்க அங்கே எதுவும் இல்லை.

கேள்வி: பிரிட்டனில் வாங்கிய டேங்க்கில் 2 மி.லி.தான் பிடிக்கிறது, காணொளியில் அதே டேங்க் 5 மி.லி. பிடிக்கிறதே?

2016ஆம் ஆண்டு விதிகளின்படி இங்கே விற்கும் டேங்க்குக்கு 2 மி.லி. வரம்பு, திரவத்துக்கு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் வரம்பு. எம்.டி.எல். பயனருக்கு அது ஏறக்குறைய ஒரு நாளைக்கே போதும், டி.எல். பயனர் மணிக்கொருமுறை புட்டியைத் தேடுவார்.

கேள்வி: அடுத்த மாதம் சென்னையில் ஒரு திருமணம். விமானத்தில் ஒழுகாத டேங்க் எது, அண்ணா?

எந்த டேங்க்கையும் கொண்டுபோகாதீர்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் இக்கருவிகளின் இறக்குமதியும் விற்பனையும் சேமிப்பும் குற்றம். வழியில் சிங்கப்பூரில் இறங்குவதாக இருந்தால் அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையோ மெல்லும் பசையோ பற்றி மருந்தாளரிடம் கேட்டு எடுத்துச் செல்லுங்கள். டேங்க்கைத் திரவம் வடித்து, பஞ்சை அகற்றி, வெந்நீரில் கழுவி, உலர்த்தி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் புதுப் பஞ்சு போட்டால் போதும், காயில் அப்படியே இருக்கும்.