மாதிரி ரயில் லேஅவுட்டில் தொழிற்சாலைக் காட்சி ஒன்றை நுணுக்கமாக அமைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கட்டட கிட் ஒன்றை ஒட்டி முடித்து, அதைச் சுற்றிப் பீப்பாய்களும் ஆட்களும் லாரிகளும் வைத்துப் பார்த்தும் அது பொம்மைக் கடை போலவே தெரிகிறதே என்ற வருத்தத்தில்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் நான் அந்த வருத்தத்தோடு இரண்டு ஆண்டுகள் இருந்தவன்.

நான் எடுத்துக்கொண்டது 1:87 அளவில், அதாவது எச்.ஓ. அளவில், ஒரு சிமென்ட் ஆலை. நிலக்கரியும் ஜிப்சமும் வர வேண்டும், சிமென்ட் வெளியே போக வேண்டும் என்பதால் ரயிலுக்கு ஓயாத வேலை இருக்கும் என்பதே காரணம். ஆலையின் நடுநாயகமான சுழல் உலையை 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயில் செய்து, மூன்று தூண்களின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, இம்மியும் பிசகாமல் கிடைமட்டமாகப் பொருத்தினேன். அந்த நேர்த்தியில் எனக்குப் பெருமையும் இருந்தது. சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர் வந்து, குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் போட்ட கல் அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேரும்?" என்று மட்டும் கேட்டார்.

உலை 3 முதல் 4 சதவீதம் சரிவாக இருக்கும். அது மெல்லச் சுழலச் சுழல, மேல் முனையில் போட்ட சுண்ணாம்புக்கல் கலவை கீழ்முனையில் உள்ள தீயை நோக்கி இறங்கி, சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் கிளிங்கராகிறது, அதாவது அரைத்தால் சிமென்ட்டாகும் கட்டிகளாகிறது. என் குழாய்க்கு அந்தச் சரிவு 21 மில்லிமீட்டர். ஒட்டிய தூண்களை அறுத்தெடுத்து மீண்டும் பொருத்த ஒரு வாரம் ஆயிற்று.

அதன் பிறகுதான் கல்லும் கரியும் ஆலைக்குள் எந்த வழியாகப் போகின்றன என்று ஒவ்வொரு அடியாகப் பின்தொடர்ந்து பார்த்தேன். நிலக்கரி வேகன்கள் நிற்கும் கிளைப்பாதை ஒரு வெற்றுச் சுவரில் போய் முடிந்திருந்தது. கரியைக் கொட்டுவதற்கு இடமே இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே கம்பிச் சட்டம் போட்ட ஒரு குழியும், அங்கிருந்து மேலேறும் கன்வேயரும் செய்து வைத்தவுடன், புதிதாக ஓர் ஆள் பொம்மைகூட வைக்காமலே அந்த மூலை உயிர் பெற்றது.

அழுக்கும் அப்படியே. முதலில் எல்லாவற்றின் மீதும் ஒரே பழுப்பைப் பூசியிருந்தேன், அது தவறு. குழியைச் சுற்றிக் கருமை, சிமென்ட்டைச் சேமிக்கும் உயரமான சைலோவின் அடியிலும் கூரை விளிம்புகளிலும் சாம்பல் நிறம், உலையைச் சுழற்றும் பல்சக்கரத்தின் கீழே மசகின் பளபளப்பு என்று, எந்தப் பொருள் எங்கே சிந்துமோ அங்கேதான் அதன் கறை இருக்க வேண்டும். சாக்பீஸ் பொடியை மென்தூரிகையால் தடவி, மேலே மங்கல் வார்னிஷ் தெளித்தால் போதும். தத்ரூபமாக இருக்கட்டும் என்று உண்மையான சிமென்ட்டைத் தூவிவிடாதீர்கள். அது தண்டவாளத்தின் மேல் படிந்தால் எஞ்சினுக்கு மின்சாரம் கிடைக்காது.

ஜல்லி ஒட்டும்போதும் எச்சரிக்கை தேவை. வெள்ளைப் பசையையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, ஒரு துளி சோப்புத் திரவம் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுவது எல்லோருக்கும் தெரிந்த முறை. நான், ரயிலை வேறு பாதைக்குத் திருப்பிவிடும் பாயிண்டின் நகரும் நாக்குகள் வரை தாராளமாக விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பாயிண்ட் கல்லாய் உறைந்திருந்தது. அந்த இடத்தில் ஜல்லியைக் குறைத்துப் போட்டு, பசை காயும்வரை நாக்குகளை அவ்வப்போது நகர்த்திக்கொண்டே இருங்கள்.

"அப்படியானால் ஆலை முழுவதையும் அளவு பிசகாமல் கட்டச் சொல்கிறீர்களா?" என்று யாராவது சண்டைக்கு வரக்கூடும். இல்லை. 500 மீட்டர் நீள ஆலை எச்.ஓ. அளவில் ஐந்தே முக்கால் மீட்டர் ஆகிவிடும். யாருடைய அறையிலும் அதற்கு இடமில்லை. என் ஆலையில் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கமே கிடையாது. பின்திரையில் உள்ள ஓர் ஓட்டை வழியாகக் கல்லைக் கொண்டுவரும் கன்வேயர் உள்ளே வருகிறது. எதை விட்டாலும் விடலாம், ஆனால் பொருள் செல்லும் வழி அறுந்துபோகக் கூடாது என்பதே என் கட்சி. ஆளின் உயரம் 20 மில்லிமீட்டர் என்றால் கதவு 24 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு கண்காட்சிக்கு இதை எடுத்துச் சென்றபோது, நடுவராக வந்தவர் எத்தனை விளக்குகள் எரிகின்றன, எத்தனை பாகங்கள் அசைகின்றன என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போய்விட்டார். சரிவைக் கவனிக்கவே இல்லை. அந்த ஆற்றாமையில் நானும் உலைக்கு ஒரு மோட்டார் வைத்தேன். உண்மையான உலை நிமிடத்துக்கு ஐந்து சுற்றுக்கு மேல் போவது அரிது. என்னுடையது நாற்பது சுற்றுகிறது. பல்சக்கரம் மாற்றும்வரை அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.