சீன ராணுவ ஆய்வாளராக டிப்ளமோ போதுமா?

கேள்வி: என் மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் கடைசி வருடம். சீன ராணுவ உத்தியை ஆராயும் நிபுணராக வேண்டும் என்கிறாள். ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ, கட்டணம் 1.2 லட்சம், முடித்தால் இந்திய வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வில் வேலை என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். 'ரா'வுக்கு ஆள் எடுத்துத் தரும் உரிமை எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் கிடையாது. சந்தேகமிருந்தால் சீனாவின் உத்திசார் ஆதரவுப் படை பற்றி அவர்களிடம் கேளுங்கள். 2024 ஏப்ரலிலேயே அதைக் கலைத்து விண்வெளி, இணையவெளி, தகவல் ஆதரவு என மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பாடக்குறிப்பில் அது இன்னும் உயிரோடு இருந்தால், எந்தக் காலத்துச் சரக்கு என்று புரிந்துவிடும்.

மகளுக்கு முதலில் வேண்டியது சீன மொழி. சில தளபதிகளுக்கு நிலைமையைக் கணிக்கத் தெரியவில்லை, மேலிடத்தின் நோக்கம் புரியவில்லை, முடிவெடுக்க வரவில்லை என்று சீன ராணுவ ஏடுகளே எழுதுகின்றன. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. சீன மொழித் திறனை அளக்கும் ஹெச்.எஸ்.கே. தேர்வின் பழைய ஆறு நிலை முறையில் 4ஆம் நிலைக்கு 1,200 சொற்கள். அதை வைத்துக் கடையில் பேரம் பேசலாம், அவ்வளவுதான். 5,000 சொற்கள் கொண்ட 6ஆம் நிலையில்தான் இந்த வேலையே தொடங்குகிறது. விடாமல் படித்தாலும் மூன்று நான்கு வருடமாகும்.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் மகளுக்குப் பொருந்தாது, ஆனாலும் பலர் கேட்பதால் சொல்கிறேன். இயற்பியல், பொறியியல் படித்தவர்கள் செயற்கைக்கோள் படங்கள் வழியாக உள்ளே வரலாம். 2021இல் கான்சு மாகாணத்தின் யூமன் பாலைவனத்தில் சுமார் 120 ஏவுகணைக் குழிகள் தோண்டப்படுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது வணிகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துத்தான். குழியை எண்ண மொழி வேண்டாம். அது எந்தப் படைப்பிரிவுக்கு, எதற்காக என்று கேட்டால் மறுபடி மொழியிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

படிப்புக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே பாதுகாப்பு மற்றும் உத்தி ஆய்வுகள் துறை இருக்கிறது. எம்.ஏ. முடிக்கும்போதே நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதட்டும். அதன் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், பிஎச்.டி. படிக்கும்போது மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு 30, பெண்களுக்கு 35. கிடைக்காவிட்டால் மத்தியப் பல்கலைக்கழகம் பிஎச்.டி. மாணவருக்குத் தருவது மாதம் 8,000. டெல்லியில் அறை வாடகைக்கே காணாது. எல்லையில் சீனா என்று மேடைதோறும் முழங்குகிறார்கள், அதைப் படிப்பவருக்குக் கொடுக்கும் விலை இது.

இன்னொரு பொறி பின்னால் வரும். இரண்டு கட்டுரை வெளியானதும் லிங்க்ட்இன்னில் ஒரு 'ஆலோசனை நிறுவனம்' அறிக்கை கேட்கும், டாலரில் தருவதாகச் சொல்லும். சிங்கப்பூர் ஆய்வு மாணவர் ஒருவர் இப்படிப் போலி நிறுவனம் நடத்திச் சீன உளவுத்துறைக்கு ஆள் பிடித்து, 2020இல் அமெரிக்காவில் 14 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். முதல் அறிக்கையில் செய்தித்தாள் விஷயம் போதும் என்பார்கள். மூன்றாவதில் 'அச்சில் வராதது ஏதாவது' என்பார்கள். முதல் கடிதத்துக்கே பதில் போடாமல், அதன் படத்தை எடுத்து ஆய்வு வழிகாட்டியிடம் காட்டச் சொல்லுங்கள்.