மார்லோவின் கடைசிக் கணக்கு

அன்புள்ள ஐயா,

நாடக உலகின் தீராத கொலை மர்மம் என்று ஆங்கில நாடக ஆசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவின் சாவைக் குறிப்பிட்டிருந்தீர்கள். மதுக்கடையில் குடித்துவிட்டுச் சண்டை போட்டுச் செத்தவர் என்றுதான் நான் படித்திருக்கிறேன். குத்தியவன் பெயரும் தெரியும். இதில் மர்மம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த மதுக்கடையை விட்டுவிடுவோம். 1593 மே 30 அன்று மார்லோ இறந்தது லண்டன் பக்கத்து டெப்ட்ஃபோர்டில், எலினார் புல் என்ற விதவையின் வீட்டில். காலை பத்து மணியிலிருந்து நாலு பேர் அங்கே இருந்தார்கள். மதியம் சாப்பிட்டார்கள், தோட்டத்தில் மாலை ஆறு மணி வரை பேசி நடந்தார்கள், இரவும் சாப்பிட்டார்கள். குடிவெறி பற்றி அவர் சாவை விசாரித்த அறிக்கையில் ஒரு சொல் கிடையாது.

குத்தியவன் இங்கிராம் ஃப்ரைஸர், சரி. ஆனால் அறிக்கை சொல்லும் காட்சியை மேடையில் அமைத்துப் பாருங்கள். மார்லோ கட்டிலில் படுத்திருக்கிறார். அவருக்கு முதுகு காட்டி பெஞ்சில் மூவர், நடுவில் ஃப்ரைஸர். சாப்பாட்டுக் கணக்கில் வாய்த்தகராறு. ஃப்ரைஸரின் கத்தியையே மார்லோ உருவி அவன் தலையில் இரண்டு வெட்டு போடுகிறார். இரு பக்கமும் ஆள் நெருக்கி உட்கார்ந்திருப்பதால் தப்ப வழியில்லாத ஃப்ரைஸர் மல்லுக்கட்டி, அதே கத்தியை மார்லோவின் வலது கண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் இறக்குகிறான். அப்போது தோளோடு தோள் ஒட்டியிருந்த அந்த இரண்டு பேரின் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன? எத்தனை முறை படித்தாலும் நான் இங்கேதான் நின்றுவிடுகிறேன்.

அவர்களில் ராபர்ட் போலி அரசாங்க உளவாளி. நிக்கலஸ் ஸ்கியர்ஸ், ஃப்ரைஸரோடு சேர்ந்து கடன் மோசடி செய்தவன். பொய் சொல்வதே பிழைப்பாக இருந்த மூன்று பேர் சொன்னதுதான் நமக்குக் கிடைத்த ஒரே கதை. அந்த அறிக்கையை ஆய்வாளர் லெஸ்லி ஹாட்சன் தேடி எடுத்து வெளியிட்டதே 1925இல்தான்.

கொலைக்குப் பத்து நாள் முன்பு மார்லோ அரசியின் ஆலோசனைக் குழுவான ப்ரிவி கவுன்சிலில் ஆஜராகியிருந்தார். அதற்கும் முன்பே கைதான நாடக ஆசிரியர் தாமஸ் கிட், தன் அறையில் சிக்கிய மத விரோதத் தாள்கள் மார்லோவுடையவை என்று சொல்லியிருந்தார். ஃப்ரைஸருக்கு ஒரு மாதத்துக்குள் அரசியின் மன்னிப்பு கிடைத்துவிட்டது. தற்காப்பு என்ற கதையை நான் நம்பவில்லை. ஏவியவர் இன்னார் என்று கைகாட்டவும் ஆதாரம் இல்லை. இதை நாவலாக எழுதுகிறவர் அங்கே ஒருவரை இட்டுக்கட்டி நிறுத்தினால் எனக்குப் படிக்கப் பிடிக்காது.

நான் எழுதினால் எலினார் புல்லிடமிருந்து தொடங்குவேன். நாள் முழுக்க அந்த நாலு பேரும் இருந்தது அவர் வீட்டில். சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆயிற்று என்பது அவருக்குத் தெரியும். அறிக்கையில் வீட்டுக்காரி என்று அவர் பெயர் இருக்கிறது, அவர் சொன்னதாக ஒரு வரி இல்லை.