குளக்கரையில் ப்ளூகில்: வசந்தகால ஃப்ளை ஃபிஷிங் கேள்வி-பதில்

கேள்வி: ஏப்ரல் பிறந்தாயிற்று. அமெரிக்காவின் இல்லினாயில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் குளத்தில், ஈ போல் கட்டிய போலி இரையை வீசிப் பார்த்தும் (அதுதானே ஃப்ளை ஃபிஷிங்), ப்ளூகில் என்ற சின்ன சன்ஃபிஷ் வகை மீன் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லையே?

மாதத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். நூலில் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்கினால் தெரிந்துவிடும். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும்போது மீன்கள் ஆழத்தை விட்டுக் கரைப்பக்கம் வரும். 70-ஐ ஒட்டி முட்டையிடும். முதலில் வடகரைக்குப் போங்கள். தெற்கே சாய்ந்த வெயில் நேராக விழுவது அங்கேதான். விடியற்காலையில் ஓட வேண்டாம், பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் போதும்.

கேள்வி: ட்ரவுட் மீனுக்கு வாங்கிய 5 வெயிட் ராட் (தூண்டில் கம்பு) போதுமா?

தாராளமாக. அதைவிட மெலிதான 3 வெயிட் கையில் இருந்தால் உள்ளங்கை அகல மீனே கம்பை வளைத்துவிடும், அந்தச் சுகம் தனி.

கேள்வி: பாப்பரை (நீர்மேல் மிதக்கும் போலி இரை) மீன் ‘பளக்’கென்று அடிக்கிறது, ஆனால் மாட்டுவதில்லை.

தூண்டில் முள் பெரிதாக இருக்கும். ப்ளூகில்லுக்கு வாய் மிகச் சிறியது. 10 அல்லது 12 நம்பர் முள் போடுங்கள் (நம்பர் கூடினால் முள் சிறிது). இந்த மீன் இரையைக் கவ்வுவதில்லை, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். பாப்பர் விழுந்ததும் அலைவளையம் அடங்கும்வரை அசைக்காதீர்கள், ரப்பர் கால்கள் மட்டும் நடுங்கட்டும். பெரிய மீன் கீழே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் மேலே வரும். அப்படியும் மாட்டாவிட்டால், பாப்பர் முள்ளின் வளைவில் ஒன்றரை அடி தூண்டில் நரம்பு கட்டி அதன் நுனியில் சிறிய நிம்ஃப் (நீருக்குள் மூழ்கும், பூச்சியின் இளம்பருவம் போன்ற போலி இரை) போடுங்கள்.

கேள்வி: கரையோரம் தட்டுத் தட்டாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மீன். போட்டதும் எடுக்கிறது. பிடிக்கலாமா?

அவை கூடுகள். வாலால் மண்ணை விசிறிக் குழி பறித்து முட்டைக்குக் காவல் நிற்பது ஆண் மீன். உங்கள் ஈயை அது பசியால் எடுப்பதில்லை, முட்டை தின்ன வந்த பூச்சி என்று விரட்டத்தான் பாய்கிறது. அதனால்தான் அத்தனை சுலபமாகச் சிக்குகிறது. அதைக் கூடையில் போட்டால், சுற்றி நிற்கும் சின்ன மீன்கள் சற்று நேரத்தில் முட்டைகளைக் காலி செய்துவிடும்.

இழப்பு அதோடு நிற்பதில்லை. பெரிய ஆண்கள் இருக்கும்வரை இளசுகளுக்குக் கூடு கட்ட இடம் கிடைக்காது. வளர்ந்தால்தான் போட்டியிட முடியும். பெரியவை போய்விட்டால் இளசுகள் சிறு வயதிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கி, வளர்ச்சி நின்றுவிடும். நாலைந்து வசந்தம் இப்படிப் பிடித்தால் விரல் நீள மீன்கள்தான் மிஞ்சும். எனக்குப் பழக்கமான ஒரு குளம் அப்படித்தான் ஆனது. ஆகவே ஆசைக்குப் பிடியுங்கள், பெரிய ஆணைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். குழம்புக்கு நடுத்தர மீன் நாலைந்து போதும், அதுவும் உங்கள் மாநிலம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள்.

கேள்வி: மீனின் முதுகு முள் கையைக் கிழிக்கிறது.

கையை நனைத்துக்கொண்டு, தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவித் துடுப்பைப் படிய வைத்துப் பிடியுங்கள். தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை (மீன் நழுவாமல் தடுக்கும் பின்நோக்கிய கூர்) முன்பே குறடால் நசுக்கியிருந்தால் ஒரே திருப்பில் கழன்று வரும். கூட்டருகிலேயே விடுங்கள், நேராகத் தன் குழிக்குப் போய் நிற்கும்.