தண்ணீர் ஊற்றியும் தொட்டி மிளகாய் வாடுவது ஏன்?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மேற்கு வெயில் விழும் தாழ்வாரத்தில் நான்கு சிலி பாடி மிளகாய்ச் செடியும் ஒரு கறிவேப்பிலையும் 12 அங்குலத் தொட்டிகளில் வைத்திருக்கிறேன். பிப்ரவரி பிறந்ததிலிருந்து மழை இல்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும் மிளகாய் இலை தொங்குகிறது, பூ கொட்டுகிறது, நுனி இலை சுருள்கிறது. உரம் போடலாமா? கிளைகளை வெட்டிவிடலாமா?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். நீங்கள் ஊற்றும் தண்ணீர் வேருக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் தோன்றுகிறது. கடையில் வாங்கும் மண்கலவையில் பெரும்பாலும் பீட் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) இருக்கும். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி எளிதில் நனையாது. மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விழும். ஊற்றியதெல்லாம் அந்த வழியாகத் தட்டுக்கு ஓடிவிடும். ஒரு குச்சியை நடுமண்ணில் ஆழமாகக் குத்தி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டாமல் உலர்ந்து வந்தால் கோளாறு இதுதான். மாறாக, மண் சொதசொதவென்று இருந்தும் காலையிலேயே இலை தொங்கினால் வேர் அழுகுகிறது. அப்போது தண்ணீரை நிறுத்த வேண்டும். மதியம் மட்டும் தொங்கி மாலையில் தானாக நிமிர்ந்தால் பயமில்லை.

காய்ந்த மண்ணுக்கு மேலிருந்து ஊற்றிப் பயனில்லை. பெரிய வாளியில் தொட்டியை இறக்கி, அதன் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். குமிழி வருவது நிற்கும்வரை, ஏறக்குறைய அரைமணி நேரம், ஊறட்டும். வெளியே எடுத்து நன்றாக வடியவிட்டு, மேல்மண்ணை இரண்டு சென்டிமீட்டர் கிளறி, ஓர இடைவெளியைக் கம்போஸ்ட் போட்டு அடையுங்கள். அதன் மேல் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குத் தேங்காய் நாரோ காய்ந்த இலையோ பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடாவிட்டால் அடித்தண்டு அழுகும்.

பிறகு காலை எட்டு மணிக்குள் ஒரு தொட்டிக்கு ஒன்றரை லிட்டர் போதும். பாதியை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மீதியை ஊற்றுங்கள். தட்டில் வடிந்ததை உடனே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரமே ஆகும். முட்டையோ தண்ணீரில்லாமலே பல மாதம் உயிரோடிருக்கும். இறுகிய தொட்டி மண்ணைக் கிளறிவிடும்படி தேசியச் சுற்றுப்புற வாரியம் டெங்கித் தடுப்புக்காகச் சொல்வது இங்கே செடிக்கும் நல்லது.

மேற்கு வெயிலில் சிமெண்டுத் தரையும் சுவரும் இரவிலும் சூட்டை விடும். தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி நெருக்கமாக வையுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியானால் வெளிர்நிறத் தொட்டி ஒன்றுக்குள் இறக்குங்கள். கைப்பிடிச் சுவர் மேல் மட்டும் எதையும் வைக்காதீர்கள், நடைவழியில் 1.2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பூ கொட்டுவதற்குச் சூடும், ஈரம் ஏறி இறங்குவதும் சேர்ந்தே காரணம். ஈரம் சீரானால் அடுத்து வரும் பூக்கள் நிற்கும்.

சுருளுக்கு வருவோம். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு நுனி தடித்தால் சிலந்திப்பேன் என்று கொள்ளலாம். இலைப்பேன் வறட்சியில் பெருகும். வெள்ளைத் தாள் மேல் நுனியைத் தட்டினால் இலைப்பேன் ஓடுவது தெரியும். மிளகாய் நுனியைத் தாக்கும் சிலந்திப்பேன் கண்ணுக்கு எளிதில் படாது. மோசமான நுனியை மட்டும் கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் 2 மி.லி. திரவ சோப்பும் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஆறு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. நண்பகலில் தெளித்தால் இலை கருகும்.

உரம் ஏன் வேண்டாம்? காய்ந்த மண்ணில் அதன் உப்பு செறிந்து, வேரிலிருக்கும் நீரையும் இழுத்துவிடும். இலை நிமிர்ந்து ஒரு வாரம் ஆனபின், பொட்டலத்தில் போட்ட அளவில் பாதியை ஈர மண்ணில் கொடுங்கள். யூரியா போன்ற தழைச்சத்து இலையைத் தள்ளும், பூவைக் குறைக்கும்.

கறிவேப்பிலைக்கு மிளகாயைவிடத் தண்ணீர் குறைவாகவே போதும், மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்தபின் ஊற்றுங்கள். வடகிழக்குப் பருவத்தின் வறண்ட பகுதி மார்ச் தொடக்கம் வரை நீளும். 2014 பிப்ரவரி முழுவதும் சாங்கி வானிலை நிலையத்தில் பதிவானது 0.2 மி.மீ. மழைதான். மார்ச் கடைசியில் பிற்பகல் இடிமழை தொடங்கியபின் கறிவேப்பிலையைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, அதே வாரத்தில் ஓரளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.