வாசகர் கேள்வி–பதில்: மூடி வைத்த மேக்சீன் ஏன் வெளுத்தது?

கேள்வி: மின்காந்த அலைகளைத் தடுக்கும் கவசத்துக்காக டைட்டானியம் கார்பைடு மேக்சீன் (மின்சாரம் கடத்தும், மிக மெல்லிய செதில்களாலான பொருள்) கரைசலைத் தண்ணீரில் தயாரித்தோம். ஒரு மணி நேரம் சோனிகேட்டரில் (மீயொலியால் அதிரவைக்கும் கருவி) வைத்து, ஆர்கான் நிரப்பி மூடி, மேசைமேல் வைத்திருந்தோம். இரண்டு மாதத்தில் கருமை வெளிறி, வெள்ளையாகக் கலங்கிவிட்டது. காற்றே படாதபோது எப்படிக் கெட்டது?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: காற்றை வெளியே நிறுத்திவிட்டீர்கள், தண்ணீர் உள்ளேயே இருந்தது. மேக்சீனுக்கு முதல் எதிரி தண்ணீர்தான். அது செதில்களின் ஓரங்களையும் ஓட்டை விழுந்த இடங்களையும் முதலில் பிடித்து, டைட்டானியத்தை டைட்டானியம் டைஆக்சைடாக மாற்றிவிடும். நீங்கள் பார்த்த வெண்கலங்கல் அதுதான். சோனிகேட்டர் செதில்களை நொறுக்குகிறது. செதில் சிறுத்தால் ஓரம் கூடும், ஓரம் கூடினால் அரிப்பும் கூடும். மேசையின் அறை வெப்பம் மீதியைச் செய்துவிட்டது.

அடுத்த முறை கையால் குலுக்கியே அடுக்குகளைப் பிரியுங்கள். சோனிகேட்டர் வேண்டியே தீரும் என்றால் பனிக்கட்டித் தொட்டியில், ஆர்கானைக் குமிழியிட்டபடி சில நிமிடங்கள் போதும். கரைசலைச் சிறு குப்பிகளில் பிரித்து ஃப்ரீசரில் உறைய வையுங்கள். ஒரு முறை உருகியதை அன்றே பயன்படுத்திவிடுங்கள். வைட்டமின் சி-யின் உப்பான சோடியம் அஸ்கார்பேட் சேர்ப்பது நல்ல காப்பு. மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் தொடங்கிப் பாருங்கள். ஆனால் வடிகட்டும்போது நன்றாகக் கழுவாவிட்டால் அது செதில்களுக்கு இடையே தங்கி மின்தடையை ஏற்றும்.

எல்லாவற்றையும்விட, கரைசலைச் சேமிக்காமல் உடனே படலமாக்கிக் காயவைப்பதே மேல். 2016-இல் 45 மைக்ரோமீட்டர் மேக்சீன் படலம் மின்காந்த அலைகளை 92 டெசிபல் வரை தடுத்ததாக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தத் திறனைக் காப்பது உலர்வுதான். வெற்றிட அடுப்பில் 120 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வையுங்கள். முழுக்க ஆறிய பிறகே காற்றைத் திறந்துவிடுங்கள். சூடு இருக்கும்போது திறந்தால் படலம் ஆக்சிஜனேற்றம் அடையும்.

கேள்வி: படலம் கெட்டுவருகிறதா என்று தினமும் கவச அளவீடு செய்ய வசதியில்லை. மேலே சிலிகான் பூசினால் போதுமா?

பதில்: நான்கு ஊசிகளைப் படலத்தில் தொட்டு அளக்கும் நான்கு முனை ஆய்வியில் சதுர மின்தடையை (படலத்தின் ஒரு சதுரத்துக்கான மின்தடை) பாருங்கள். மெல்லிய படலத்தில், மின்தடை ஒரு ஓம் என்றால் கணக்குப்படி சுமார் 45 டெசிபல் தடுப்பு கிடைக்கும். இரண்டு ஓம் ஆனால் சுமார் 40. மின்தடை இரட்டிக்கும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபல் போகிறது. வாரம் ஒரு முறை, ஒரே இடத்தில் அளந்து குறித்துவந்தால் போதும்.

சிலிகான் மட்டும் போதாது. அதன்மேல் நீர்த்துளி உருண்டு ஓடினாலும், நீராவி எளிதாக உள்ளே இறங்கும். பாரிலீன் என்ற பாலிமர் பூச்சு அதைவிட நன்றாகத் தடுக்கும். எதைப் பூசினாலும் முதலில் வேண்டிய அளவுக்கு வெட்டிவிட்டுப் பிறகு பூசுங்கள். பூசிய பின் வெட்டினால் வெட்டுவாய் வழியாக ஈரம் நுழையும். நில இணைப்புக்கான (எர்த்) வெள்ளிப் பசையையும் பூச்சுக்கு முன்பே வைத்து, அந்த இடத்தை மறைத்துக்கொள்ளுங்கள். பூச்சு மின்காப்பானது, அதன்மேல் கம்பியை ஒட்டினால் கவசம் நிலத்தோடு சேராது.